ஜன்னல் திறக்கும் வரை

“உங்க அண்ணி இன்னிக்கும் ஊர் சுத்தக் கிளம்பிட்டாளா?”

வேலையிலிருந்து வந்த அம்மா, கைப்பையை வைப்பதற்குள் ஆரம்பித்துவிட்டாள். தொட்டி நிறைய கழுவாத பாத்திரம். அடுப்பு பற்ற வைத்த அடையாளமே இல்லை.

அலமாரிக் கதவைத் தள்ளிக்கொண்டு, வேர்வையில் தொப்பலாக வெளியே வந்தாள் மகள். முதல் வேலையாக ஜன்னலைத் திறந்து மூச்சு வாங்கினாள்.

“எதிர்க்கடை வாசல்ல நிக்கறாடி. மழைச்சாரல்ல, கைக்குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு! நான் வர்றதுகூடத் தெரியாம நம்ம ஜன்னலையே முறைச்சுப் பார்த்துக்கிட்டிருக்கா.”

“அவங்களுக்கு என் பாட்டு ஆகாதும்மா. அவங்களே சொல்லிட்டாங்க. ‘உன் சத்தம் கேட்டா எனக்கு மண்டையிடி வருது, நீ பாடு, நான் போறேன்’னு.”

“பொறாமை! வேற என்ன?”

 மகள் மனசிலும் அதேதான்.

காலையில் பேக்கரி வேலை, மதியம் அலமாரிக்குள் பாட்டு. ஸ்டூடியோவுக்கெல்லாம் வசதி ஏது? போர்வைகளுக்கும் அண்ணனின் பேன்ட்டுகளுக்கும் நடுவே மைக்கைத் தொங்கவிட்டு, ஃபேனை அணைத்து, ஃப்ரிட்ஜை நிறுத்தி, ஜன்னலைச் சாத்திவிட்டுப் பாடுவாள். புழுக்கத்தில் உயிர் போகும். ஒரு சுரம் பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து. அந்தப் பிடிவாதத்துக்கே ஒரு கும்பிடு போடலாம்.

இணையத்தில் அவள் பாடிப் போட்ட நாலு வரியைக் கேட்டு, ஒரு இசை நிறுவனம் கூப்பிட்டிருந்தது. “குரல் சுத்தமா வந்தா உன் முதல் பாட்டை வெளியிடறோம். பின்னால ஒரு பொட்டுச் சத்தம் இருக்கக்கூடாது” என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

அண்ணி படியேறி வந்தாள். புடவை முழுக்க ஈரம். குழந்தை மட்டும் நனையவில்லை.

“எங்கம்மா போயிருந்த?”

“சும்மா, காத்தாட நின்னேன் அத்தை.”

“மழையில காத்து வாங்கற ஆளை இப்பதான் பார்க்கறேன்!”

அண்ணி பாத்திரம் கழுவப் போனாள். குழந்தை வீல் என்று அழ ஆரம்பித்தது.

அடுத்த வாரம், நிறுவனத்தில் ஒலிப்பதிவாளர் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

“குரல் கண்ணாடி மாதிரி இருக்கும்மா. அலமாரிக்குள்ள பாடினதுன்னு சொன்னா ஒருத்தனும் நம்பமாட்டான். ஆனா நீ கடைசியா அனுப்பின பதிவுல, பாடி முடிச்சதும் மைக்கை அணைக்காமலே எழுந்து போயிட்டிருக்கே. கடைசியில வேண்டாத சத்தமெல்லாம் பதிவாகியிருக்கு. வெட்டிடறேன்.”

“என்ன சத்தம் சார்?”

ஹெட்போனை மாட்டிவிட்டார். கேட்டாள். மறுபடி போடச் சொல்லிக் கேட்டாள். கண் நிறைந்துவிட்டது.

“இதை வெட்டாதீங்க சார். பாட்டோடவே வரட்டும்.”

“விளையாடறியா? மேலிடத்துல ஒத்துக்கமாட்டாங்க. முதல் பாட்டே நின்னு போயிடும்.”

“நின்னா நிக்கட்டும் சார். இது இல்லாம அந்தப் பாட்டு எனக்கு வேண்டாம்.”

அவர் ஹெட்போனை வாங்கித் தானும் ஒரு முறை முழுசாகக் கேட்டார். 

“சரி, நான் பேசிப் பார்க்கறேன்.”

என்ன பேசினாரோ, எப்படிப் பேசினாரோ, பாட்டு வெளியாகும் நாளும் வந்தது. வீட்டில் எல்லாரும் ஸ்பீக்கரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அண்ணி மட்டும் வழக்கம்போலக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

“பார்த்தியா, இன்னிக்குமா!” என்று பல்லைக் கடித்தாள் அம்மா.

மகள் அண்ணியின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். “இன்னிக்கு ஒரு நாள் கேளுங்க அண்ணி.”

பாட்டு ஓடியது. உருக்கிவிட்டாள் பெண்! கடைசி வரி அடங்கியதும் அம்மா கைதட்டப் போனாள்.

“இரும்மா, இன்னும் முடியலை.”

ஸ்பீக்கரில் ஜன்னல் திறக்கும் சத்தம். சற்றுப் பொறுத்து, வாசல் கதவு. மூச்சிரைக்க யாரோ உள்ளே வரும் ஓசை. ஒரு குழந்தையின் வீறிடல். அதோடு கிசுகிசுப்பாக அண்ணியின் குரல்:

“அவ்வளவுதான் தங்கம், ஜன்னலைத் திறந்துட்டாங்க. உங்க அத்தை பாடி முடிச்சாச்சு. இனிமே எவ்வளவு வேணும்னாலும் அழுதுக்கோ.”