மஞ்சள் பையில் தொங்கிய காது

“காது கேக்காம நான் நிம்மதியா இருக்கேன். அத எடுத்துக்கினு போய்டும்மா!”

சுப்புராயன் சுவரில் ஆணியில் தொங்கிய மஞ்சள் பையைக் காட்டினார். காது மிஷின் ஆறு மாதமாக அதற்குள்தான் குடியிருக்கிறது.

இசைவாணி அசரவில்லை. காது மிஷினை வாங்கி மூலையில் போட்டுவிடும் பெரியவர்களிடம் பேசி, அதைப் போட்டுக்கொள்ளப் பழக்குவதுதான் அவள் வேலை. இந்த வீட்டுக்கு இது மூன்றாவது தடவை. அவருக்கு நேரெதிரே, முகம் தெரிய உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்.

“இன்னாதான் கஷ்டம், ஐயா?”

“தட்ட வெச்சா இடி இடிச்சாப்புல இருக்குது. இவ பேசுனா...” மனைவி அமிர்தத்தை ஓரக்கண்ணால் பார்த்து மீதியை விழுங்கினார்.

“மொதல்ல அப்படித்தான் இருக்கும். தெனமும் வூட்டுக்குள்ள ஒரு மணி நேரம் போட்டுக்கினு இருங்க. போகப் போகப் பழகிடும்.”

“பழகி இன்னா பண்ணப் போறேன்? எழுவத்தி மூணு வயசாச்சு. யாரு என்கிட்ட பேசக் காத்துக்கினு இருக்காங்க?”

சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. அமிர்தம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கத்திக் கத்தி அவளும்தான் ஓய்ந்து போயிருந்தாள்.

“போன வாரம், மில்லுக்குக் கரும்பு ஏத்திக்கினு போன டிராக்டர் உங்க முதுகுக்குப் பின்னால ஆரன் அடிச்சிக்கினே வந்துச்சாமே. நீங்க நவுரவே இல்லியாமே?” என்றாள் இசைவாணி.

“ஐயோ, இன்னாது! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?” அமிர்தம் பதறிப்போனாள்.

சுப்புராயன் திருதிருவென்று முழித்தார். “இத யாரு உனக்குச் சொன்னது?”

கிளம்ப எழுந்த இசைவாணி, போகிற போக்கில் சொல்வதுபோல் சொன்னாள்.

“பக்கத்துக் கொல்லைக் கண்ணாயிரம் ஐயா, வரப்புல நின்னுக்கினு தெனமும் உங்களக் கண்டபடி திட்டறாராம். நீங்க சிரிச்சிக்கினே தலைய ஆட்டறீங்களாம்.”

கண்ணாயிரம்! வரப்பை வெட்டி ஒரு முழம் தின்றவன். முப்பது வருஷத்து விரோதி.

“அவனா? என்னையா? எடு அந்தப் பைய!”

இசைவாணியே மிஷினைக் காதில் பொருத்தி, சத்தத்தை அளவாக வைத்துவிட்டுப் போனாள். வீட்டுக்குள் ஒரு மணி நேரமாவது, ஒன்றாவது? அவள் தலை மறைந்ததும் சுப்புராயன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கரும்புக் கொல்லைக்கு நடந்தார்.

கரும்புச் சோகை சலசலத்தது. இந்தச் சத்தத்தைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! அவருக்கே ஆசையாக இருந்தது. அதற்குள் கரும்புக்கு அந்தப் பக்கம் கண்ணாயிரத்தின் குரல். சுப்புராயன் அப்படியே நின்றுவிட்டார்.

“போட்டுக்கினானாம்மா? நான் திட்டறேன்னு சொன்னியா? அதச் சொன்னாத்தான் போடுவான்.”

“உடனே போட்டுக்கினாருங்க ஐயா.” அது இசைவாணி.

“நல்லா இரும்மா. அன்னிக்கு அந்த டிராக்டர் அவன் மேல ஏறியிருந்தா...” கண்ணாயிரம் மூக்கை உறிஞ்சினார். “ஆறு மாசமா திட்டறேன், ஒரு பதில் இல்ல. சோறே எறங்கல. அவன உட்டா, என்னத் திருப்பித் திட்ட யாரும்மா இருக்கா?”

சுப்புராயன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கத்தினார்:

“எவன்டா அவன், என் வரப்புல நிக்கறது?”