கதாநாயகன் சொன்னது

பழைய ஊமைப்படம். போருக்குப் புறப்படும் கதாநாயகன் காதலியை அணைத்துக்கொண்டான். 'உயிரே, போய் வருகிறேன்' என்று திரையில் எழுத்து வந்தது. அரங்கமே கண்ணைத் துடைத்தது. எனக்குப் பேசி முடித்திருந்த பெண் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

இடைவேளையில் அவள் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் காபி வாங்கினாள். அம்மா என் காதைக் கடித்தாள். "கல்நெஞ்சுக்காரிடா. இந்தச் சம்பந்தம் வேணாம்."

அவள் விறுவிறுவென்று வந்தாள். "சிரிப்பு வந்தா சிரிக்கத்தான் செய்வேன், அத்தை. சம்பந்தம் வேணாம்னா உங்க பிள்ளை சொல்லட்டும்."

அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உனக்கு எப்படி...?"

"அந்தக் கதாநாயகன், 'என் காலை மிதிக்கிறே, நகரு'ன்னு சொன்னது தெரிஞ்ச மாதிரிதான். உங்களுக்குத்தான் இது ஊமைப்படம். எனக்கு இதுதான் பேசும்படம்."

சிறுவயதில் காய்ச்சலில் காது போனவள். உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் படிப்பவள். அதைத்தான் அம்மா ஒரு நிமிடம் மறந்துவிட்டாள்.

மணி அடித்தது. அம்மா என்னைத் தள்ளிவிட்டு, அவள் பக்கத்து இருக்கையைப் பிடித்தாள்.

"மீதிப் படத்துல என்ன சொல்றான்னு எனக்கும் சொல்லும்மா!"