பூட்டி வைத்த சூரியன்

“இந்தச் சுவருக்குள்ள சூரியனையே பூட்டி வச்சிருக்கேன்!” என்று மார்தட்டுகிறார் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவர் குளித்துக்கொண்டே பாடினால் தெருவே கூடிவிடுகிறது என்று, கல்யாணத்துக்கு முன்பு அவரே செங்கல் வைத்து அடைத்த ஜன்னலாம். குளியலறை வாசலில் மனைவி. “நாற்பது வருஷமா பட்டப்பகல்லயும் லைட்டு போட்டுத்தான் குளிக்கிறேன். புளுகாதீங்க.” சுவரை உடைக்க வந்த கொத்தனாருக்கும் தயக்கம்தான். “ஜன்னலுக்கு மேல பாரம் தாங்குற லிண்டல் இல்லேன்னா உடைக்க மாட்டேன் சார். சுவரே உட்கார்ந்துடும்.” வாத்தியார் பச்சை டைல்ஸில் காதை ஒட்டித் தட்டித் தட்டிக் கேட்கிறார். “இங்க போடுங்க!” உளி இறங்குகிறது. டைல்ஸும் பூச்சும் உதிர, லிண்டல் தெரிகிறது. அதன் கீழே மரச்சட்டம். கொத்தனார் ஒரு செங்கலை உருவுகிறார். தூசி மினுமினுக்க, வெயில் நீளமாக உள்ளே புகுந்து மனைவியின் உள்ளங்கையில் விழுகிறது. அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். “சரி, ஒத்துக்கிறேன். உள்ளதான் இருந்திருக்கு.”