ஓணானின் காது

ஓணானை மல்லாக்கத் திருப்பிப் பார்த்தாள். ஓர் உண்ணிகூட இல்லை.

போன வாரம் இதே ஓணான், காதெல்லாம் உண்ணி மொய்க்க, பரிதாபமாக உட்கார்ந்திருந்தது. முதுகில் அவளே வைத்த சிவப்பு நகப்பூச்சுப் பொட்டு அப்படியே இருக்கிறது. ஆள்மாறாட்டத்துக்கு வழியே இல்லை.

அவளுக்குப் பகீரென்றது.

அவளுடைய ஆராய்ச்சியே இந்த வீட்டின் இரண்டு சுவர்களை நம்பித்தான் நடந்துகொண்டிருந்தது. முன்சுவருக்கு வெளியே சாலையை அகலப்படுத்துகிறார்கள். நாள் முழுக்க இடி, புழுதி, மரங்கள் போய்விட்ட வெயில். பின்சுவரில் நிழல். நிம்மதி கெட்ட ஓணானுக்கு உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறையும், உண்ணி கூடும் என்பது அவள் கட்சி. அதெல்லாம் சும்மா என்பது பேராசிரியர் கட்சி. நாளைக் காலை அவரே நேரில் பார்க்க வருகிறார்.

முன்சுவரில் இன்னும் இரண்டைச் சுருக்குப் போட்டுப் பிடித்தாள். அவையும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய பிள்ளைகள் மாதிரி சுத்தமாக இருந்தன.

பூதக்கண்ணாடியோடு காதுக்குள் எட்டிப் பார்த்தபோது மூக்கில் ஏறியது, கிராம்புத் தைல வாசம்.

இந்த வீட்டில் அந்த வாசம் ஒரே ஒருவர் மேல்தான் அடிக்கும்.

வாசலில் செய்தித்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார் மாமனார். பேர்பெற்ற பல் வைத்தியர். கை நடுக்கம் வந்து, சொத்தைப் பல்லை விட்டுவிட்டுப் பக்கத்துப் பல்லைப் பிடுங்கிய அன்று, கிளினிக்கை இழுத்து மூடியவர். அதிலிருந்து பேச்சும் குறைந்துவிட்டது. சிந்தினால் மனிதர் கூனிக் குறுகிப்போவாரே என்று, அவள் எப்போதும் பாதிக் கோப்பை காபிதான் ஊற்றுவாள்.

அவர் நாற்காலிக்குப் பின்னால் அவளுடைய பழைய சுருக்குக் கம்பு சாய்ந்திருந்தது.

மூன்று மாத உழைப்பு! விறுவிறுவென்று நடந்தாள். கையில் ஓணான், வாயில் நாலு வார்த்தை தயார்.

பாதி வழியில், கேட்கப்போவதற்கு ஆதாரமாக இருக்கட்டுமே என்று, அந்தக் காதை இன்னொரு முறை கண்ணாடியில் பார்த்தாள்.

உண்ணி பிடுங்குவது விளையாட்டல்ல. கை இம்மி ஆடினாலும் அதன் வாய் முறிந்து தோலுக்குள்ளேயே தங்கிவிடும். பழகிய அவளுக்கே சில முறிந்துவிடும்.

இங்கே ஒன்றுகூட முறியவில்லை. ஒரு கீறல்கூட இல்லை.

அப்படியே நின்றாள்.

காலையில் பார்த்த பின்சுவர் ஓணான்களுக்கு ஆளுக்கு ஒன்றிரண்டு உண்ணி இருந்தது. அவற்றை அவர் தொடவில்லை. அதிகம் அவதிப்பட்டவர்களைத்தான் தேடிப்பிடித்து வைத்தியம் பார்த்திருக்கிறார்.

போகட்டும். ஓணானுக்கா பஞ்சம்? பாலத்துக்கு அந்தப்பக்கம் இதைவிடப் புழுதி தின்ற சுவர் இருக்கிறது. அங்கே பல் வைத்தியர் யாரும் குடியில்லை. பேராசிரியரிடம் நாளைக்கு வாங்கிக் கட்டிக்கொண்டால் போயிற்று.

ஓணானைச் சுவரில் விட்டாள். உள்ளே போய்க் கையைக் கழுவிக் காபி போட்டாள்.

கோப்பையை அவர் முன்னால் வைத்தபோது செய்தித்தாள் மெல்ல இறங்கியது. மாட்டிக்கொண்ட முகத்தோடு அவளைப் பார்த்தார், பிறகு கோப்பையை.

அது விளிம்பு தளும்ப நிறைந்திருந்தது.

"குடிச்சிட்டு வாங்க டாக்டர். பின்சுவர்ல நாலு பேர் காத்துட்டிருக்காங்க."