வெள்ளைக்காரனுக்கு ஓர் இலை

அவன் பாவாடை கட்டிக்கொண்டு வந்து நின்றான்.

கட்டம் போட்ட கம்பளித் துணி. முட்டி வரைக்கும். பின்னால் சுற்றிக் கொசுவம். முன்னால் ஒரு தோல் பை தொங்கியது.

நாளைக்கு என் மகள் கோமதிக்குத் தாலி கட்டப்போகிறவன்.

பக்கத்து வீட்டுப் பெண்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டு வேட்டி எடுத்துக் கொடுத்திருந்தேன். அது எங்கே?

கல்யாணத்துக்கு முந்தின நாள், செத்துப்போனவர்களுக்குப் படையல் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். பெண் வீட்டுக்கு ஓர் இலை. மாப்பிள்ளை வீட்டுக்கு ஓர் இலை. வீட்டுக்கு ஒரு பெயர்தான். வாய்விட்டுக் கூப்பிட வேண்டும்.

பிடிக்கவில்லை என்றால் பெண்ணைப் பெற்றவன் இலையை மடித்துவிடலாம். கல்யாணம் நின்றுவிடும். என் தாத்தா ஒரு முறை மடித்தார். அத்தைக்கு வேறு மாப்பிள்ளை பார்த்தார்கள்.

நான் என் அப்பன் பெயரைச் சொன்னேன். கருப்பண்ணன்.

அவன் சொன்னான்.

"ஆங்கஸ் மெக்ரே."

வாயில் நுழையாத பெயரை நான் நம்புவதில்லை.

பாட்டனுக்கு அப்பனாம். ஸ்காட்லாந்துக்காரராம். குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் துரையாக இருந்தவராம். அந்த ஊர் ஆண்பிள்ளைகள் விசேஷத்துக்குக் கட்டுவது இந்தப் பாவாடையாம்.

அவனைப் பார்த்தேன். என்னைவிடக் கறுப்பு.

"ஏந் தம்பி, பாட்டன் பாட்டியப் பெத்தவங்கள எண்ணுனா எட்டுப் பேரு. அதுல ஏழு பேரு நம்மாளுங்க. அந்த ஏழு பேரும் உனக்கு என்ன கெடுதல் பண்ணுனாங்க?"

கோமதி என் கையைப் பார்த்தாள். கை இலையின் நுனியில் இருந்தது.

"அந்த ஏழு பேருக்கும் வருசா வருசம் யாராச்சும் சோறு வெக்கறாங்க மாமா. இவரு கொழுந்து பறிக்கிற பொண்ணக் கட்டுனவரு. சும்மா வெச்சுக்கல. மாலை மாத்திக் கட்டுனாரு. அவரு ஆளுங்க ஒதுக்கிட்டாங்க. நம்மாளுங்களும் சேத்துக்கல. சமாதி மேல ஆடு மேயுது."

பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"நான் அவரு ஆளுன்னு சொல்லிக்கறேன் மாமா. வேற யாரும் சொல்லல."

சாமர்த்தியமாகப் பேசுகிறவனையும் நான் நம்புவதில்லை.

ஆனால் கை இலையை விட்டு வந்துவிட்டது.

"என்ன திம்பாரு உங்க துரை?"

"ஓட்ஸ் கஞ்சி."

"ஏன், காய்ச்சலா?" என்றாள் என் வீட்டுக்காரி.

கோமதிதான் முதலில் சிரித்தாள். அப்புறம் முந்தானைகள் எல்லாம் கீழே விழுந்தன.

கஞ்சி கிடக்கட்டும் என்று ஆட்டுக்கறி வைத்தோம். மேய்ந்த ஆட்டுக்கும் அவருக்கும் சரியாகப் போகட்டும்.

"விஸ்கியும் குடிப்பாராம்" என்றான், மெதுவாக.

வீட்டுக்காரியின் முகம் மாறியது.

"இந்த வூட்டுல அந்தச் சனியன் கெடையாதுங்க தம்பி. உங்க மாமா அத விட்டு ரெண்டு வருசமாச்சு."

இதை ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள்.

அவன் இலைக்குப் பக்கத்தில் காலித் தம்ளரை மட்டும் வைத்தான்.

படைத்து முடித்தால் எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்த வேண்டும். ஆள் பார்த்துக்கொண்டிருந்தால் செத்தவர்கள் சாப்பிட மாட்டார்கள்.

கற்பூரம் அணையட்டும் என்று நான் உள்ளேயே நின்றேன். கடைசியாக வெளியே வந்தேன்.

வாசலில் அவன் என் பச்சை பெல்ட்டைப் பார்த்தான். அதில் தைத்திருந்த பையைப் பார்த்தான். தன் தோல் பையைத் தட்டிக் காட்டிச் சிரித்தான்.

நானும் சிரித்தேன். வாயைத் திறக்காமல்.

கதவைத் திறந்தோம்.

துரையின் தம்ளரில் இரண்டு விரல் உயரம். தேன் நிறம்.

வீட்டுக்காரி மூலையில் இருந்த அரிசி அண்டாவைப் பார்த்தாள். அதன் மூடி கொஞ்சம் விலகியிருந்தது.

"வந்துட்டாரு போல இருக்குங்க மாமா" என்றான் அவன். என்னைப் பார்க்கவில்லை. கை கூப்பியிருந்தான். கண் கலங்கியிருந்தது.

வீட்டுக்காரி என் பக்கத்தில் வந்து நின்றாள். ரொம்பப் பக்கத்தில்.

"ஏனுங்க, மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை பேசுங்களேன்."

நான் மாப்பிள்ளையைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினேன்.