பருந்து மறுபடி பறந்த நாள்

காற்றாடியின் மாஞ்சா நூல் இறக்கையை அறுத்துவிட, பருந்து ஒன்று கறிக்கடைக்குப் பின்னாலிருந்த குப்பைமேட்டில் வந்து விழுந்தது. அங்கே கிடந்த செவலை நாய் அதைத் தின்றிருக்கலாம். ஏனோ மனசு வரவில்லை. மூன்று மழைக்காலம், கிடைத்த குடலிலும் கொழுப்பிலும் பங்கு கொடுத்து, மற்ற நாய்கள் அண்டாமல் காத்தது.

இறக்கை கோணலாக ஒட்டிக்கொண்டது. ஒருநாள் காலை பருந்து பக்கத்திலிருந்த உயரமான தண்ணீர்த் தொட்டியின் படிகளில் தத்தித் தத்தி ஏற ஆரம்பித்தது.

"இங்க உனக்கு என்ன குறை வச்சேன்?" என்று கேட்டது செவலை.

"ஒரு குறையும் இல்ல. ஆனா நான் கோழி இல்லையே."

"நீ விழுந்தா, நான் வர்றதுக்குள்ள அவனுங்க வந்துடுவானுங்க."

சந்துமுனையில் மூன்று நாய்கள் அண்ணாந்து பார்த்தபடி நின்றன.

பருந்து உச்சியிலிருந்து குதித்தது. அதன் நிழல் குப்பைமேட்டை ஒருமுறை அழகாகச் சுற்றி வந்தது. இரண்டாம் சுற்றில் பாதியிலேயே குலைந்தது.

செவலை பாய்ந்துபோய், விழுந்த பருந்தின்மேல் கால்பரப்பி நின்று பல்லைக் காட்டி உறுமியது. நன்றாயிருந்த இறக்கையும் இப்போது ஒடிந்து கிடந்தது.

"எவ்வளவு உயரம் போனேன்?" என்று மூச்சுத் திணறக் கேட்டது பருந்து.

பருந்து பறந்தபோது செவலை மேலே பார்க்கவே இல்லை. அந்த மூன்று நாய்களைவிட்டு அது ஒரு கணமும் கண்ணை எடுக்கவில்லை. இப்போதும் எடுக்கவில்லை.

"பனைமரத்துக்கும் மேல போயிட்டே," என்றது. "நான் பார்த்துக்கிட்டேதானே இருந்தேன்."