டவல் கம்பி

"பார்க்க டவல் கம்பி மாதிரிதான் இருக்கும் தம்பி. ஆனா ஆளே தொங்கினாலும் தாங்குமாம். மேசையில கிடந்த பத்திரிகையில பார்த்தேன். புதுசா வந்திருக்கு," என்றாள் மார்லிஸ், குரலைத் தணித்து. "குளியல் தொட்டியிலேர்ந்து எழுந்திருக்க அவர் படுற பாட்டைப் பார்க்க முடியலை. கைப்பிடின்னு மட்டும் மூச்சு விட்டுடாதே. 'நான் என்ன கிழவனா'ன்னு பிடுங்கி எறிஞ்சிடுவார்."

டுலூத் நகரில் வீடுகளைப் புதுப்பித்துக் கொடுக்கும் டுவேன் தலையாட்டினான். சுவருக்குள் இருக்கும் மரச்சட்டத்தில் பதியும்படி ஒவ்வொரு கம்பியையும் அழுத்தி முடுக்கினான்.

அவள் கணவர் ஆர்வில் வந்து எட்டிப் பார்த்தார்.

"தொட்டிக்கு மேல ஒண்ணு, பக்கத்துல ஒண்ணு, கதவுகிட்ட வேறயா? இருக்கிறது ரெண்டு பேரு. சலவைக் கடை வைக்கப் போறியா?"

"துண்டு நல்லா காயும்ல," என்ற மார்லிஸ், டுவேனைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

"காசைக் கரியாக்கு," என்று கத்திவிட்டு அவர் போய்விட்டார்.

மாலையில் டுவேன் கருவிகளை வண்டியில் ஏற்றும்போது ஆர்வில் பின்னாலேயே வந்தார். வீட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"சட்டத்துலதானே முடுக்கினே?"

"ஆமாங்க. ஏன் கேக்கறீங்க?"

"போன மாசம் அவ தொட்டியில வழுக்கி விழுந்தா. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சிட்டிருக்கா. அவளுக்குக் கைப்பிடி வைக்கலாம்னு சொன்னா சண்டைக்கு வருவா. அதான் இந்தக் கம்பி விளம்பரம் வந்த பக்கத்தைத் திறந்து, பத்திரிகையை அவ காபி குடிக்கிற இடத்துல போட்டு வச்சேன்."

டுவேனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான்.

"நான் கத்தினது போதுமா தம்பி, இல்ல இன்னும் கொஞ்சம் கத்தியிருக்கணுமா?" என்று கவலையோடு கேட்டார் ஆர்வில்.